ஆற்றல் யார் கையில்?

ஆற்றல் ஓர் அமானிதம். செல்வமாயினும் அறிவாயினும் உடல் வலிமையாயினும், அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளே அன்றி, நாமாக ஆக்கிக்கொண்ட உடைமை அன்று. எங்கிருந்து வந்தது, எவர் இழப்பில் வந்தது, எவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் மறந்தவன் கையில் ஆற்றல் கொடுமையாகத் திரிந்துவிடுகிறது. இந்த மூன்று கேள்விகளையும் எடைக்கற்களாகக் கொண்டு, அமெரிக்கச் சித்திரக்கதைகளில் உலவும் அதிமானுட வீரர்களை நிறுத்துப் பார்க்க விழைகின்றோம்.

இலக்கிய ஏட்டில் சிறுவர் படிக்கும் சித்திரக்கதைக்கு என்ன இடம் என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். ஆனால், அச்சிட்ட தாளில் தொடங்கிய அக்கதைகள் இன்று திரைப்படங்களாகவும் தொடர்களாகவும் நம் இல்லங்களின் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டன. வீரம் எப்படி இருக்கும், வீரன் எந்த நிறத்தில் இருப்பான், காப்பாற்றுகிறவன் யார், காப்பாற்றப்படுகிறவன் யார் என்பனவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் அவற்றிலிருந்தும் கற்கிறார்கள். பிள்ளைகள் கற்பதைப் பெரியவர்கள் ஆராய்வது இலக்கியத்துக்கு வெளியே உள்ள வேலை அன்று.

இத்துறையில் திறனாய்வு செய்வோர் பலரும் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். கறுப்பின வீரர் எத்தனை பேர், முஸ்லிம் வீரர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, எண்ணிக்கை கூடினால் நீதி கிடைத்துவிட்டது என்று மகிழ்கின்றனர். எண்ணிக்கை தேவைதான், மறுப்பதற்கில்லை. எனினும் அதனினும் ஆழமான கேள்வி ஒன்று உண்டு. அந்த வீரனுக்கு எத்தகைய ஆற்றல் தரப்பட்டது? யார் தந்தது? அதற்கு அவன் கொடுத்த விலை என்ன? நிறவேற்றுமையின் உண்மை முகம் அங்கேதான் மறைந்திருக்கிறது என்பது நம் கருத்து.

வலிமை ஒருவனது, விருப்பம் மற்றொருவனது

அதிமானுட வீரர்களின் வரலாறு 1938-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வெளிவந்த சூப்பர்மேனிலிருந்து தொடங்குவதாகக் கூறுவது வழக்கம். அவனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அயல் உலகிலிருந்து வந்து, புதிய மண்ணில் வேறு பெயரோடு வாழும் சூப்பர்மேனின் கதையில் குடியேறிகளின் ஏக்கம் தெரிகிறது. அவன் முதல் இதழில் செய்தவை எவை? குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையிலிருந்து மீட்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறான். ஊழல் அரசியலின் முகத்திரையைக் கிழிக்கிறான். எளியோர் பக்கம் நின்ற வீரனாகவே அவன் பிறந்தான். 1941-இல் வந்த கேப்டன் அமெரிக்காவோ, தன் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டான். அப்போது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

இனவெறியின் தலைவனைத் தாளில் அடித்து வீழ்த்திய அதே காலத்தில், அதே நாட்டின் சித்திரக்கதைகளில் கறுப்பினத்தார் எப்படி இருந்தனர்? தமிழ் வாசகர்களுக்கும் நன்கு அறிமுகமான இரு தொடர்களே இதற்குச் சான்றாகும். லீ ஃபாக் என்பவர் 1934-இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும், 1936-இல் முகமூடி மாயாவியையும் படைத்தார்.

மாண்ட்ரேக்கின் உடன் வருபவன் லொதார். அவன் ஆப்பிரிக்க இளவரசன். உலகிலேயே மிகுந்த உடல் வலிமை உடையவன் என்று கதையே சொல்கிறது. ஆனால், பல ஆண்டுகள் வரை அவன் சிறுத்தைத் தோலும் குஞ்சம் வைத்த தொப்பியும் அணிந்து, கொச்சை மொழி பேசி, எஜமானனின் ஏவலுக்குக் காத்து நின்றான். 1965-க்குப் பின்னரே, ஃபிரெட் ஃபிரெடெரிக்ஸ் ஓவியராக வந்த காலத்தில், அவனுக்கு நல்ல உடையும் நல்ல மொழியும் வாய்த்தன. லொதாரிடம் இல்லாதது வலிமை அன்று. அந்த வலிமையை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் உரிமையே அவனிடம் இல்லை. அடிமை முறையின் சாரமும் இதுவே அன்றோ? தோள் அவனுடையது, சித்தம் வேறொருவனுடையது.

மாயாவியின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவனிடம் அதீத ஆற்றல் எதுவும் இல்லை. தந்தைக்குப் பின் மகனாக இருபத்தொரு தலைமுறை அதே முகமூடியை அணிகிறது. காட்டு மக்களோ அவனை மரணமற்றவன் என்று நம்புகின்றனர். அவனுடைய ஆற்றல் முழுவதும் அம்மக்களின் அறியாமையில் நிற்கிறது. அவர்கள் உண்மையை அறிந்த நாளில் அவன் சாதாரண மனிதன். ஆக, கறுத்த மக்களின் அறியாமையே வெள்ளை வீரனின் ஆற்றலுக்கு முதலீடு என்றாகிறது. ராணி காமிக்ஸில் மாயாவியைப் படித்துக் களித்த நம் தலைமுறைக்கு அக்கதையின் விறுவிறுப்பு நினைவிருக்கும். அந்த விறுவிறுப்பின் அடியில் இப்படியொரு கணக்கு இருப்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு முகத்துக்கு எழுந்த எதிர்ப்பு

1954-இல் அமெரிக்கச் சித்திரக்கதைப் பதிப்பாளர்கள், பெற்றோரின் கண்டனத்துக்கு அஞ்சித் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டனர். எந்த இனத்தையும் சமயத்தையும் இழிவு செய்யக் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. நல்ல விதிதான். அது நடைமுறையில் எப்படிக் கையாளப்பட்டது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும்.

இ.சி. நிறுவனம் 1953-இல் ‘தீர்ப்பு நாள்’ என்ற பொருள்படும் கதையொன்றை வெளியிட்டது. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டைன்; வரைந்தவர் ஜோ ஓர்லாண்டோ. பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர், இயந்திர மனிதர்கள் வாழும் கோள் ஒன்றுக்கு ஆய்வாளராகச் செல்கிறார். அண்டத்தின் மாபெரும் குடியரசில் சேர அக்கோளுக்குத் தகுதி உண்டா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். அங்கே ஆரஞ்சு நிற இயந்திரங்கள் உயர்ந்த நிலையிலும், நீல நிற இயந்திரங்கள் ஒதுக்கப்பட்ட பகுதியிலும் வாழ்கின்றன. மேல் உறையின் நிறத்தைத் தவிர இரண்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லை. இன்னும் தகுதி வரவில்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டு வீரர் திரும்புகிறார். கடைசிச் சித்திரத்தில் அவர் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்று நாம் அறிகிறோம்.

1956-இல் இக்கதையை மறுபடி வெளியிட முனைந்தபோது தணிக்கை அலுவலகம் தடுத்தது. அதன் தலைவராக இருந்தவர் முன்னாள் நீதிபதி. வீரரின் நிறத்தை மாற்றும்படி கேட்டார்கள். கதையின் பொருளே அதுதான் என்று பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து, மாற்றாமலே அச்சிட்டார். அந்நிறுவனத்தின் சித்திரக்கதை இதழ்களில் அதுவே இறுதியாக அமைந்தது.

இக்கதையின் நாயகர் பறக்கவில்லை, மலையைப் புரட்டவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஓர் ஆற்றல். தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே அது. கறுப்பின மனிதனின் உடல் வலிமையைச் சித்திரக்கதை உலகம் முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது. லொதாரைப் பார்த்து எவரும் அஞ்சவில்லை. கறுப்பின மனிதன் நீதிபதி இருக்கையில் அமர்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

உருவகத்தின் ஓட்டை

நேராகச் சொல்ல முடியாததை உருவகமாகச் சொல்லும் வழி அடுத்துப் பிறந்தது. 1963-இல் ஸ்டான் லீ எழுத, ஜேக் கர்பி வரைய, ‘எக்ஸ்-மென்’ வெளிவந்தது. பிறவியிலேயே அதீத ஆற்றல் பெற்ற இளைஞர்கள். அவர்களைக் கண்டு அஞ்சி வெறுக்கும் உலகம். அவ்வுலகையே அவர்கள் காத்து நிற்கும் பெருந்தன்மை. வாஷிங்டனில் கறுப்பின மக்களின் உரிமைப் பேரணி நடந்த ஆண்டும் அதுவே. பின்வந்த எழுத்தாளர்கள் இத்தொடரை இன ஒடுக்குமுறையின் உருவகமாகவே வளர்த்தனர். ஒதுக்கப்பட்ட எத்தனையோ உள்ளங்களுக்கு அது ஆறுதல் அளித்தது. அந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் இவ்வுருவகத்தில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, வெளிப்படையானது. இன ஒடுக்குமுறையைப் பேச வந்த முதல் அணியில் இருந்த மாணவர் ஐவருமே வெள்ளையர். துன்பம் ஒருவருடையது, அத்துன்பத்தை நடிக்கும் முகம் வேறொருவருடையது.

இரண்டாவது ஓட்டை ஆழமானது. எக்ஸ்-மென் கதையில் ஓர் இளைஞனின் கண்ணிலிருந்து புறப்படும் கதிர் மலையைப் பிளக்கும். அத்தகையவன் பக்கத்து வீட்டில் இருந்தால் அஞ்சுவது இயல்பே. ஆனால் அலபாமாவில் பேருந்தில் தன் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த பெண்ணிடம் அஞ்சுவதற்கு என்ன இருந்தது? பள்ளிக்கூடத்துக்குப் புத்தகப் பையோடு சென்ற கறுப்பினக் குழந்தையிடம் என்ன அபாயம் இருந்தது? வெறுப்பவனின் அச்சம் ஆதாரமற்றது என்பதே இனவெறியின் இலக்கணம். வெறுக்கப்படுபவன் கையில் மெய்யாகவே பேரழிவு ஆற்றலைக் கொடுத்துவிட்டால், வெறுப்பவனின் அச்சத்துக்கு நியாயம் கற்பித்ததாகிவிடும். நல்லெண்ணத்தோடு புனையப்பட்ட உருவகமே எதிரியின் வாதத்துக்குத் துணை போகும் விந்தையை இங்கே காண்கிறோம். ஒரு சிலரின் குற்றத்தைக் காட்டி ஒரு சமுதாயம் முழுவதையும் ஐயத்தோடு நோக்கும் இக்காலத்தில், முஸ்லிம் வாசகர்கள் இந்த ஓட்டையை எளிதில் உணர்வர்.

1962-இல் தோன்றிய ஸ்பைடர்மேனின் கதை, ஆற்றல் பெற்றவனுக்குக் கடமையும் உண்டு என்ற அறத்தை உலகெங்கும் பரப்பிற்று. சிறந்த அறமே. ஆனால் அது ஏற்கெனவே ஆற்றல் பெற்றவனைப் பார்த்து மட்டும் பேசுகிறது. அந்த ஆற்றல் ஏன் அவனுக்குக் கிடைத்தது, ஏன் மற்றவனுக்குக் கிடைக்கவில்லை என்று அது கேட்பதில்லை. 1970-இல் டென்னிஸ் ஓ’நீல் எழுதி, நீல் ஆடம்ஸ் வரைந்த ‘கிரீன் லான்டர்ன்’ கதையில் ஒரு கறுப்பின முதியவர் அக்கேள்வியை எழுப்பினார். தொலைவிலுள்ள கோள்களில் பற்பல நிறத்தாருக்கெல்லாம் உதவிய வீரன், தன் சொந்த மண்ணின் கறுத்த மக்களுக்கு என்ன செய்தான் என்று அவர் வினவ, வீரன் விடையின்றித் தலைகுனிகிறான். அந்தத் தலைகுனிவு ஒரு வீரனுக்கு மட்டும் உரியதன்று. அவனைப் படைத்த துறை முழுவதற்குமே உரியது.

மன்னனும் கூலிக்காரனும்

கறுப்பின வீரர்கள் தாமாகவே மேடையேறிய காலத்துக்கு வருவோம். 1966 ஜூலை இதழில் லீயும் கர்பியும் பிளாக் பேந்தரை அறிமுகம் செய்தனர். பெயர் டி’சல்லா, வக்காண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் மன்னன், சிறந்த விஞ்ஞானி. அவனுடைய நாட்டை எந்த ஐரோப்பியனும் அடிமைப்படுத்தியதில்லை. வைப்ரேனியம் என்னும் அரிய கனிமமே அதன் செல்வம். அந்தச் செல்வத்தை அயலான் கொள்ளையிட வரும்போது மன்னன் எதிர்த்து நிற்கிறான். ஆப்பிரிக்க நாடுகள் பல புதிதாய் விடுதலை பெற்றிருந்த அக்காலத்தில், இது வெறும் கேளிக்கைக் கதையாக இருக்க முடியாது. 1970களில் டான் மெக்கிரெகர் இதே வீரனை அமெரிக்காவின் தெற்குப் பகுதிக்கு அனுப்பி, கு கிளக்ஸ் கிளான் என்னும் இனவெறிக் கூட்டத்தோடு மோதவிட்டார்.

1972-இல் வந்த லூக் கேஜ் முற்றிலும் வேறானவன். மன்னன் அல்லன், நியூயார்க்கின் ஏழை மகன், செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றவன். விடுதலை கிடைக்கலாம் என்ற ஆசையில், சிறைக்குள் நடக்கும் மருத்துவச் சோதனைக்குத் தன் உடலைக் கொடுக்கிறான். இனவெறி கொண்ட காவலன் ஒருவன் அவனைக் கொல்லும் நோக்கோடு கருவியைத் திருக, அதன் விளைவாக அவன் தோல் எஃகைப் போல் இறுகிவிடுகிறது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத தோல்! வெளியே வந்த பின் அவன் ஓர் அலுவலகம் திறந்து, கூலி பெற்றுக்கொண்டு வீரச்செயல் புரிகிறான்.

வீரன் கூலி கேட்கலாமா என்று இக்கதையைக் குறைகூறியவர்கள் உண்டு. மற்ற வீரர்கள் கைம்மாறு கருதாமல் உழைக்க, கறுப்பினத்தவனை மட்டும் காசுக்கு உழைப்பவனாகக் காட்டியது இழிவு என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பேட்மேனும் அயர்ன்மேனும் கோடீஸ்வரர்கள். அவர்களால் இலவசமாக அறம் செய்ய இயலும். அடுத்த வேளை உணவுக்கு வழியில்லாதவன் தன் உழைப்புக்கு ஊதியம் கேட்பதில் இழிவு எங்கே இருக்கிறது? அவன் முன்னோர் நூற்றாண்டுக் கணக்கில் ஊதியமின்றி உழைக்க வைக்கப்பட்டவர்கள். அந்த மரபில் வந்தவன் கூலி கேட்பதே ஒரு நீதிக் குரல் என்று நாம் கருதுகிறோம்.

கேஜின் கதையில் நம் மனத்தை உறுத்துவது அந்தக் கூலி அன்று. அந்த ஆற்றலின் பிறப்பிடம்தான். சூப்பர்மேனுக்குப் பிறப்பால் கிடைத்தது. ஸ்பைடர்மேனுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. கேப்டன் அமெரிக்காவுக்கு அரசு விரும்பி அளித்தது. கறுப்பினத்தவனுக்கோ சிறையில், சோதனை மேசையில், அவனைக் கொல்ல நினைத்தவன் கையால் கிடைத்தது. அவன் ஆற்றல் ஒரு காயத்தின் தழும்பு.

இதன் உச்சத்தை 2003-இல் ராபர்ட் மொராலெஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்த ‘ட்ரூத்’ என்ற தொடரில் காணலாம். கேப்டன் அமெரிக்காவை வீரனாக்கிய மருந்து, முதலில் கறுப்பினப் போர்வீரர்களின் உடல்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்று அக்கதை சொல்கிறது. பெரும்பாலோர் உருக்குலைந்து மடிகின்றனர். எஞ்சிய ஐசாயா பிராட்லி நாட்டுக்காகப் போரிட்டும், பரிசாகப் பெறுவது சிறைவாசம். அவன் பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை.

இது கற்பனையே, ஆனால் வேரற்ற கற்பனை அன்று. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறையே ஒரு கொடுமையை நடத்தியது. ஏழைக் கறுப்பின ஆண்கள் 600 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோய் முற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, பெனிசிலின் மருந்து வந்த பின்னும் அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப்படவில்லை. ‘ட்ரூத்’ இந்த வரலாற்றின் மேல் எழுப்பப்பட்ட கதை. வெள்ளை வீரனின் பளபளக்கும் கேடயத்துக்குப் பின்னால் எத்தனை பெயரற்ற உடல்கள் கிடக்கின்றன என்று கேட்ட அக்கதையைப் பல வாசகர்கள் வெறுத்தனர். தங்கள் நாயகனைக் களங்கப்படுத்திவிட்டதாகக் கூச்சலிட்டனர். எவர் இழப்பில் இந்த ஆற்றல் வந்தது என்று கேட்டால், அனுபவிப்பவருக்குக் கோபம் வருவது உலக வழக்கம்.

ஒரு சிறுமி கேட்ட கணக்கு

கறுப்பினப் படைப்பாளர்கள் தாமே உரிமையாளராகி எழுதியபோது இக்கேள்விகள் எப்படி மாறின என்பதற்கு, 1993-இல் மைல்ஸ்டோன் நிறுவனம் வெளியிட்ட ‘ஐக்கான்’ சான்று. டுவெய்ன் மெக்டஃபி அதை எழுதினார். 1839-இல் அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திக் காட்டில் ஒரு விண்கலம் விழுகிறது. உள்ளே இருந்த அயலுலகினன், தன்னை முதலில் கண்டெடுத்த அடிமைப் பெண்ணின் சாயலில் உருவம் பெறுகிறான். சூப்பர்மேனின் கதைதான், ஆனால் விழுந்த இடம் வேறு. ஒரே ஆற்றல், யார் வீட்டு வாசலில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்து வேறு வாழ்க்கையாகிவிடுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பல தலைமுறை கடந்து, அவன் செல்வம் மிக்க வழக்கறிஞனாக, தன் ஆற்றலை மறைத்து ஒதுங்கி வாழ்கிறான். உழைப்பவன் முன்னேறுவான், மற்றவர் தம் குறையால் வறுமையில் கிடக்கின்றனர் என்பது அவன் எண்ணம். அவன் வீட்டில் திருட வந்த கூட்டத்தோடு வந்த ராக்கெல் என்ற ஏழைச் சிறுமி அவன் ஆற்றலைக் கண்டுவிடுகிறாள். பின்னர் அவளே திரும்பி வந்து, இவ்வளவு ஆற்றலையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று வாதிடுகிறாள். ஆற்றலற்றவள் ஆற்றலுடையவனிடம் கணக்குக் கேட்கிறாள், அவன் செவிசாய்க்கிறான். வக்காண்டாவின் மீதும் இதே கேள்வி 2018-இல் எழுந்தது. ரையன் கூக்ளர் இயக்கிய ‘பிளாக் பேந்தர்’ திரைப்படத்தில், அமெரிக்கச் சேரியில் அநாதையாக வளர்ந்த கில்மாங்கர், தன் இனத்தார் உலகெங்கும் துன்புற்றபோது இந்த வளநாடு ஏன் கதவடைத்துக் கிடந்தது என்று கேட்கிறான். அவன் தேர்ந்த வழி கொடிது. அவன் கேட்ட கேள்வி நியாயமானது. இறுதியில் மன்னன் கதவைத் திறப்பதே அதற்குச் சான்று. ஒளித்து வைக்கப்பட்ட அமானிதம் மோசடிக்கு ஒப்பானது.

தன் முகத்தோடு நிற்பவள்

முஸ்லிம்களுக்கு இவ்வுலகில் என்ன ஆற்றல் கொடுத்தார்கள்? 1980களின் தொடக்கத்தில் ‘அரேபியன் நைட்’ என்றொரு வீரன் வந்தான். பறக்கும் கம்பளமும் வளைந்த வாளுமே அவன் ஆற்றல். 2002-இல் ஆப்கானியப் பெண்ணான ‘டஸ்ட்’ வந்தாள்; கறுப்பு அங்கி அணிந்த அவளுடைய ஆற்றல், மணற்புயலாக மாறுவது. முஸ்லிம் என்றால் பாலைவனம், பாலைவனம் என்றால் மணல்! அவளைப் படைத்தவர்கள் மரியாதையோடுதான் படைத்தனர். எனினும், ஒரு மனிதனின் ஊரைப் பார்த்து ஆற்றலை ஒதுக்குவது, ஊரைப் பார்த்துத் தொழிலை ஒதுக்குவதற்கு ஒப்பானதே.

2014-இல் தனித்தொடராக வெளிவந்த ‘மிஸ் மார்வெல்’ இந்த வழக்கத்தை உடைத்தது. நாயகி கமலா கான், ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்தின் பதினாறு வயது மகள். எழுதியவர், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கரான ஜி. வில்லோ வில்சன், பதிப்பாசிரியர் சனா அமானத். அவளுடைய ஆற்றல், உடலை விரும்பியபடி நீட்டவும் குறுக்கவும் வடிவம் மாற்றவும் வல்லது. மணலும் கம்பளமும் இல்லை.

ஆற்றல் கிடைத்தவுடன் கமலா என்ன ஆகிறாள்? பொன்னிறக் கூந்தலும் வெள்ளைத் தோலும் கொண்ட கேரல் டான்வர்ஸ் என்னும் வீராங்கனையின் உருவம் எடுக்கிறாள். அவள் மனத்தில் வீரம் என்றால் அந்த முகம்தான். அந்த உருவத்தில், தன்னை ஏளனம் செய்த தோழி நீரில் மூழ்குவதைக் காண்கிறாள். ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பதற்கு நிகர் என்ற திருமறைக் கருத்தைத் தந்தை அடிக்கடி எடுத்துச் சொல்வது அவள் நினைவுக்கு வருகிறது, பாய்ந்து காப்பாற்றுகிறாள். ஆனால் அந்த இரவல் முகம் அவளுக்கு நிறைவு தரவில்லை. வேண்டிய உருவம் எடுக்கக்கூடிய ஒருத்தி, தன் உருவத்திலேயே நிற்பதென்று முடிவு செய்கிறாள். ஆற்றலையும் இனத்தையும் இதைவிட அழகாக இணைத்த கதையை நாம் அறியோம். நிறத்தை வைத்து அழகை அளக்கும் பேச்சு நம் வீடுகளிலும் இல்லாமல் இல்லை. ஆகவே இக்கதை நம் பெண்மக்களுக்கும் உரியதே. பள்ளிவாசலின் மார்க்க அறிஞரும் இக்கதையில் கேலிப்பொருளாக்கப்படவில்லை. அவர் அவளைக் கடிந்து தடுக்காமல், நற்பண்புகளோடு செயல்படுமாறும் ஒரு நல்லாசிரியரைத் தேடுமாறும் அறிவுரை கூறுகிறார். 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பேருந்துகளில் முஸ்லிம் வெறுப்பு விளம்பரங்கள் வந்தபோது, அவற்றின் மேல் சிலர் ஒட்டிய படம் கமலாவுடையதே.

2022-இல் இக்கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, அவள் ஆற்றலை மாற்றிவிட்டனர். உருவம் மாறும் திறனுக்குப் பதிலாக ஒளிப் படிகங்கள். முன்னோர் வழி வந்த வளையல். ஜின்களைப் பற்றிய பேச்சு. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின் துயரத்தைக் காட்டியதும், தொழுகையும் திருமணமும் நிறைந்த முஸ்லிம் குடும்பத்தை அன்போடு காட்டியதும் பாராட்டத் தக்கவை. ஆனால், மூலக்கதையின் உயிர்நாடி அங்கே நழுவிவிட்டது. வெள்ளை முகத்தைத் தேர்ந்து, பின் அதை உதறும் மனப்போராட்டம் போய், கீழை நாட்டு மர்மமும் குலவழியும் வந்து அமர்ந்தன. முஸ்லிம் முகம் திரையில் கூடியது. முஸ்லிம் பெண்ணின் தேர்வு குறைந்தது. தலைகளை மட்டும் எண்ணுவோர் இந்த இழப்பைக் காண மாட்டார்கள்.

எடைக்கற்கள்

இதுவரை கூறியவற்றால் தெளிவாவது இதுவே. கறுத்த முகத்தையோ தலைமுக்காட்டையோ ஒரு சித்திரத்தில் சேர்த்துவிடுவது நீதியின் தொடக்கமே அன்றி முடிவு அன்று. லொதாருக்கு வலிமை இருந்தது; சித்தம் இல்லை. ஐசாயாவுக்கு வீரம் இருந்தது, பெயர் இல்லை. டஸ்டுக்கு ஆற்றல் இருந்தது; அது அவள் மண்ணைப் பார்த்து அளந்து கொடுக்கப்பட்டது. விண்வெளித் தீர்ப்பாளரும், கணக்குக் கேட்ட ராக்கெலும், தன் முகத்தோடு நின்ற கமலாவும் வேறு வகையினர். தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. பிலால் (ரலி) அவர்களைக் கஅபாவின் மேல் நின்று பாங்கு சொல்லச் செய்த வரலாற்றைப் போற்றும் சமுதாயத்துக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அடிமையாயிருந்தவருக்கு அன்று இடம் மட்டும் தரப்படவில்லை. ஊரையே அழைக்கும் குரலும் தரப்பட்டது.

பெற்றோருக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. பிள்ளைகளிடமிருந்து இக்கதைகளைப் பறிக்க வேண்டா. உடன் அமர்ந்து படியுங்கள். உடன் அமர்ந்து பாருங்கள். கதை முடிந்ததும் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்த வீரனுக்கு ஆற்றலைக் கொடுத்தவர் யார்? அதற்காக இழந்தவர் யார்? அவனிடம் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? சித்திரக்கதை வீரனிடம் இவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை அதிகாரத்தில் இருப்பவரிடமும் கேட்கும்; அதிகாரம் தன் கைக்கு வரும் நாளில், தன்னிடமே கேட்டுக்கொள்ளும்.